ஒரே வண்டியில் போகாத சாவிகள்

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதை வங்கி என்று சொல்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கீழே விதைக்கடை, மேலே வங்கி. செங்குத்தான மரப்படியில் மூச்சு வாங்க ஏறிப் போனால் நாலைந்து மேசை, ஒரு கண்ணாடித் தடுப்பு, எப்போதும் முன்னால் ஓடுகிற ஒரு சுவர்க்கடிகாரம். பெரிய வங்கிகள் தங்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிறார்கள் என்கிற ரோஷத்தில் கடைத்தெருக்காரர்கள் கூடி ஆரம்பித்தது. செருப்புக்கடைக்காரரும் தையல்காரரும் அதில் பங்குதாரர்கள். காலையில் பணம் போட்டவர்களில் பாதிப் பேர், போட்டது பத்திரமாக இருக்கிறதா என்று சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால் கதவு மட்டும் அசல் வங்கிக் கதவு. மூடிப்போன ஏதோ கப்பல் கம்பெனியில் ஏலத்துக்கு எடுத்தது. அந்தக் கனத்துக்கு மரப்படி தாங்காது என்று தச்சர் கையை விரித்துவிட்டார். அதனால் பணம் வைக்கிற பெட்டக அறையைக் கீழே விதைக்கடையின் பின்பக்கம் கட்டினார்கள். தினமும் காலையில் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே போய்த்தான் வங்கியின் கஜானாவைத் திறக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது.

அந்தக் கதவுக்கு இரண்டு சாவித் துவாரங்கள். ஒன்று வலது ஓரம், ஒன்று இடது ஓரம். எவ்வளவு நெட்டையான ஆளானாலும் இரண்டு கையையும் விரித்து இரண்டையும் எட்டிப் பிடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று ஒரே நேரத்தில் திருப்பினால்தான் உள்ளே தாழ் நகரும். ஒருத்தர் முந்தினாலும் பிந்தினாலும் கதவு கல்லு மாதிரி நிற்கும். வலது சாவி காசாளரிடம், இடது சாவி கணக்கரிடம். அவள் காசாளர். அவர் கணக்கர். அவ்வளவுதான், பெற்றவர்கள் வைத்த பெயர்கள் போய்விட்டன. அலுவலகம் முழுக்க அவள் வலது, அவர் இடது. வாசல் காவலாளிகூட "வலது மேடம் வந்தாச்சு, இடது சார் இன்னும் வரல" என்றுதான் சொல்வான்.

சாவிக்காரர்களுக்கென்று சில விதிகள் இருந்தன. வங்கியை ஆரம்பித்தவர்களில் மூத்தவரான இரும்புக்கடை முதலாளி போட்டவை. முதல் நாளே அவளை உட்காரவைத்து அவர் ஒப்பித்தார்.

"இங்க பாரும்மா. சாவிக்காரங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. ஒரே வீட்ல தங்கக் கூடாது. ஒரே வண்டியில ஏறக் கூடாது. சாவி உடம்பை விட்டு எறங்கக் கூடாது. அவசரத்துக்கு வேற ஒருத்தர் கையில குடுக்கணும்னா மேனேஜர் கையில மட்டும்தான். புரிஞ்சுதா?"

"ஒரே வண்டியில ஏறினா என்னங்க?"

"வண்டி ஆத்துல கவுந்துச்சுன்னா? ரெண்டு சாவியும் போச்சு. ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்கும். நீயா பதில் சொல்லுவே?"

அந்தப் பக்கம் ஆறே கிடையாது. இருந்தாலும் அவள் தலையாட்டினாள். வலது சாவியை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவர் இடது சாவியைப் பெல்ட்டில் ஒரு கொக்கியில் மாட்டிக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் இருவரும் கதவின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். அவர் "சரியா?" என்பார். அவள் "சரி" என்பாள். திருப்புவார்கள். சாயங்காலம் பூட்டும்போதும் அதே. வேறு பேச்சு கிடையாது. ஆனால் தினமும் காலையும் மாலையும் ஒரே மூச்சில் கையைத் திருப்பிப் பழகியவர்களுக்கு மற்றதெல்லாம் எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, வீட்டில் அக்காவோடு சண்டையா என்பதெல்லாம் அந்த ஒரு "சரியா"விலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு மனசு சரியில்லை என்றால் அவர் கேட்பதற்கு முன்னால் ஒரு கணம் தாமதிப்பார். அவள் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் கேட்பார்.

ஒரு வருஷம் அலுவலகத்தில் எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். இரண்டு வேன். விதிப்படி அவர் முன் வேனில், அவள் பின் வேனில். முன் வேனின் கடைசி இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வழி முழுக்கக் கண்ணாடி வழியாக அவர் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் பண்ணியே ஓய்ந்துபோனார்கள். கடற்கரையில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தபோது கூடவே வந்தார்.

"கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்றார்.

"யாரு உங்களைத் திரும்பி உக்காரச் சொன்னா?"

"போகும்போதும் இப்படித்தான் போகணுமான்னு யோசிக்கிறேன். வாழ்க்கை பூரா முன் வேன், பின் வேன்னு போக முடியாது. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. சந்தோஷத்தில் என்ன சொல்வது என்றே தெரியாமல், "அப்ப சாவி?" என்று கேட்டாள். பார்த்தீர்களா, வாயில் முதலில் வந்தது அதுதான்.

கேட்டதில் தப்பும் இல்லை. கல்யாணம் என்றால் சொந்தக்காரர்கள். யாராவது ஒருவர் சாவியை விட வேண்டும். சாவியை விட்டால் அந்தக் குட்டி வங்கியில் அவர்கள் தகுதிக்கு வேறு நாற்காலி இல்லை, வேலையையே விட வேண்டும். அவள் அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்தார். தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் கணவனை இழந்த அக்காவும் அக்கா பிள்ளைகளும். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த இரண்டு சாவியில்தான் எரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் இணைப்பு என்ற பேச்சு வந்தது. மீன்காரர் வங்கி, ஆசிரியர் வங்கி, இந்தக் கடைக்காரர் வங்கி மூன்றையும் சேர்த்து மண்டலத்துக்கே ஒரு வங்கி. மூன்றும் தனித்தனியாக நொண்டிக்கொண்டிருந்தன. மூன்று நொண்டிகளைச் சேர்த்துக் கட்டினால் ஓடும் என்று யாரோ மேலே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கு எப்படியோ போகட்டும். இவர்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல சேதி. பெரிய வங்கி என்றால் நிறையக் கிளை, நிறைய நாற்காலி. ஒருவர் பக்கத்துக் கிளைக்குப் போய்விடலாம்.

"இணைப்பு முடியட்டும், பண்ணிக்கலாம்" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

இணைப்பு நடந்தது. விதைக்கடையையும் வங்கியே வாங்கிக் கட்டடம் முழுக்க வெள்ளையடித்தது. பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு 'மண்டல வங்கி' என்று பச்சையில் எழுதினார். பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்டு அவர் எழுதிப் போட்டார். பதில் வந்தது. மாற்றல் தரலாம், ஆனால் இடத்தைத் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும், மண்டலத்தின் எந்த மூலையாகவும் இருக்கலாம். படுக்கையில் கிடக்கிற அப்பாவை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. அவர் போனால் வாரக் கணக்கில் பார்க்க முடியாது. கதவின் இரண்டு பக்கமும் நின்று தினமும் பார்க்கிறதாவது மிஞ்சட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு தடை ஒன்றும் இல்லை என்று நினைத்தார்கள். அதற்குள் பழைய மீன்காரர் வங்கிக் கிளை ஒன்றில் சாவிக்காரர்கள் இருவருமே கூட்டாளிகளாகிக் கஜானாவைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மச்சான் மச்சினன் உறவு என்பது பிறகுதான் தெரிந்ததாம். மண்டல வங்கி ஆட்டம் கண்டுவிட்டது. வாசலில் கூட்டம். அரசாங்கம் பங்குகளை வாங்கிக்கொண்டு தூக்கி நிறுத்தியது. ஓவியர் வந்து பலகையில் 'அரசு' என்று முன்னால் சேர்த்து எழுதினார். "உங்க பேங்க் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல மேடம்" என்று ஏணியில் இருந்தபடியே சொன்னார். விசாரணை நடக்கிற காலத்தில் எவனாவது சாவியைக் கைமாற்றினால் அவன் மேல்தான் முதல் சந்தேகம். மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

ஒருநாள் சாயங்காலம் பூட்டிவிட்டு வெளியே வந்ததும் அவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"இங்க பாரு. அந்தச் சாவியைக் கழட்டி மேனேஜர் மூஞ்சியில எறிஞ்சிட்டு வா. நானும் எறியறேன். கடை வெப்போம், எதையாவது செய்வோம். எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்குப் பயமாகப் போய்விட்டது. தங்கை கல்யாணம் அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. விசாரணை நேரத்தில் அக்கா வேலையை விட்டாள் என்றால் மாப்பிள்ளை வீட்டில் நாலு விதமாகப் பேசுவார்கள்.

"இவ்வளவு நாள் இருந்துட்டோம். இது ஒண்ணு முடியட்டும்" என்றாள்.

அவர் படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் "சரியா?" என்று கேட்டபோது குரல் பழையபடிதான் இருந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். ஆயிரம் தடவை வாய்வரை வந்தது. வந்து என்ன, விழுங்கிவிட்டாள்.

காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. தங்கைக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். அவருக்கு முன்தலை போயிற்று. அவளுக்கு மூட்டு வலி வந்தது, பெட்டக அறைக்குப் போகிற இரண்டு படி இறங்குவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அரசாங்கம் வங்கியை விற்றது. தலைநகரத்துத் தனியார் கம்பெனி ஒன்று வாங்கிற்று. இந்தத் தடவை ஓவியர் வரவில்லை. லாரியில் பிளாஸ்டிக் பலகை வந்து இறங்கியது, உள்ளே விளக்கு எரிகிற பலகை. அதில் எழுதியிருந்த பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. மேசைகள் போய் சோபாக்கள் வந்தன. பாதி ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். பணம் எடுக்கவும் போடவும் இயந்திரம் வந்தது. அந்த இயந்திரத்துக்குப் பணம் தினமும் வேனில் வரும், மிச்சம் வேனிலேயே போகும்.

ஒருநாள் வேன்காரர்கள் வந்து பெட்டக அறையைத் திறக்கச் சொன்னார்கள். இருவரும் திறந்தார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அலமாரித் தட்டுகளைக்கூட விடவில்லை. கதவை மட்டும் அசைக்க முடியவில்லை, அது பாட்டுக்கு நின்றது. அவளே உள்ளே போய்ப் பார்த்தாள். மூலையில் பழைய விதைக்கடைக் காலத்துத் தூசி கொஞ்சம் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. வெளியே வந்து பழக்கதோஷத்தில் பூட்டினார்கள்.

சாவியை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய அதிகாரியையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு இருவரும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். மறுபடி எழுதினார்கள். ஒரு பதிலும் இல்லை. பதில் வராமல் சாவியைக் கீழே வைப்பது அவர்கள் ரத்தத்திலேயே கிடையாது. ஆகவே காலியான ஓர் அறையின் சாவியை அவள் கழுத்திலும் அவர் பெல்ட்டிலும் சுமந்துகொண்டு திரிந்தார்கள். இன்னமும் தனித்தனிப் பேருந்தில்தான் வந்தார்கள். புது மேனேஜர், அவளுக்கு ஒரு மகன் இருந்தால் அந்த வயசு இருக்கும், தங்கமான பையன், ஒருநாள் மழையில் இருவரையும் தன் காரில் ஏறச் சொன்னான்.

"ஒருத்தர் வர்றோம் தம்பி. இன்னொருத்தர் அடுத்த பஸ்ல வந்துக்கறோம்" என்றார் அவர்.

"ஏன் சார், உங்களுக்குள்ள சண்டையா?"

அவர் விதியைச் சொன்னார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். அவரும் சிரித்தார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரில் ஒரு சின்ன சிரிப்புக்கு ஆன விஷயத்துக்காகத் தன் ஆயுசு முழுக்கப் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. இருவரும் ஓய்வு பெறுகிற நேரம். மேனேஜர் பையன் விடாமல் தொலைபேசியில் கத்தித் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்தான். அவர் வந்து சாவிகளை வாங்கிக்கொள்வார். அதற்கு அடுத்த வாரமே பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கிவிட்டார் இடது. காலம் போன காலத்தில் இதென்ன கூத்து என்று அவர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, பின்னால் துணி உலர்த்த இடம் என்று ஒரு வீடு பிடித்தார். அவள் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள்.

"வாசக் கதவுக்கு ஒரே ஒரு பூட்டுதான் இருக்கு. பார்த்தேன்" என்றார் அவர்.

"சாவி?"

"ஒண்ணுதான். நீயே வெச்சுக்கோ. நான் வந்து கதவைத் தட்டறேன், நீ தொறந்தாப் போதும்."

அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

அதிகாரி வருவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். முற்பகல். அவர் நாற்காலியில் இருந்து எழுந்தவர் மேசையைப் பிடித்தார், பிடி நழுவித் தரையில் சரிந்தார். முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சைக் காட்டினார். மேனேஜர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவள் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, தெரு குறுகல், வண்டிக்காரன் இடம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவான் என்று முனைக்கு ஓடினாள். மூட்டு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. வண்டியைக் கைகாட்டி உள்ளே விட்டு, வழியில் நின்ற சைக்கிள்களைத் தானே தள்ளி, பின்கதவு திறக்கிற இடத்தில் நின்றாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஏதோ குழாய் மாட்டினார்கள். அவர் அவளைப் பார்த்தார். கால்களைக் கொஞ்சம் மடக்கினார். வலி தாங்காமல் மடக்குகிறார் என்று அவளுக்கு உயிரே போயிற்று.

"கூட ஒருத்தர் ஏறலாம். யாரு வர்றீங்க?" என்றான் வண்டிக்காரன்.

"மேடம், ஏறுங்க" என்றான் மேனேஜர்.

அவள் படியில் ஒரு காலை வைத்தாள். கழுத்துச் சங்கிலி முன்னால் வந்து ஆடிற்று. அவர் பையில் இடது சாவி. ஒரே வண்டி. அவ்வளவுதான், வைத்த கால் கீழே வந்துவிட்டது. அறை காலி என்று அவளுக்குத் தெரியாதா? தானே உள்ளே போய்ப் பார்த்தவள்தானே? தெரியும். நன்றாகத் தெரியும். புத்திக்குத் தெரிந்து என்ன செய்ய, காலுக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பழக்கிய கால்.

"நான் பின்னாலயே வந்துடறேன். நீ போ தம்பி, நீ ஏறிக்கோ" என்றாள்.

பையனுக்குப் பேச நேரம் இல்லை, தாவி ஏறினான். கதவு மூடியது. மூடுகிறவரைக்கும் அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாடகைக் கார் ஒன்றைப் பிடிப்பதற்குள் வண்டி கண்ணுக்கு மறைந்துவிட்டது. ரயில்வே மேம்பாலத்துக்கு முன்னால் நெரிசல். காரை விட்டு இறங்கி நடந்து, ஓடி, மருத்துவமனை வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றான்.

அவர் வீட்டில் அவளை "ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்க" என்று அறிமுகப்படுத்தினார்கள். நாற்காலி கொடுத்தார்கள். கடைசி வரிசையில். எந்த உரிமையில் முன்னால் போய் உட்காருவாள்? உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் கால்விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் அக்காவிடம் போய், "அக்கா, அவரு பெல்ட்ல ஒரு சாவி இருந்திருக்கும்" என்றாள்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பக்கூட சாவிதானா உனக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அந்த அம்மாள் உள்ளே போய் மருத்துவமனையில் கொடுத்த பையைக் கொண்டுவந்து போட்டார். சட்டை, கால்சட்டை, பெல்ட், கைக்கடிகாரம், கண்ணாடி. கொக்கி இருந்தது. சாவி இல்லை. அவள் பையை உதறிப் பார்த்தாள். தையலைத் தடவிப் பார்த்தாள். மருத்துவமனைக்குப் போய்க் கேட்டாள். எங்கேயும் இல்லை. அழக்கூட விடாமல் இதுவேறு பிடித்துக்கொண்டது. ஆயுசு முழுக்க ஒரு சாவியை உடம்பை விட்டு இறக்காத மனுஷர், அதிகாரி வருகிற நாளில் சாவியைத் தொலைத்தவர் என்று பெயர் வாங்கக் கூடாது. கேட்டால், இடது சாவியையும் அவர் என்னிடம்தான் தந்திருந்தார், நான்தான் தொலைத்தேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்த ஒன்றாவது அவருக்காகச் செய்யலாம்.

அதிகாரி வந்த அன்றைக்குத்தான் அவள் மறுபடி வங்கிக்குப் போனாள். மேனேஜர் எழுந்து நின்றான், தண்ணீர் கொடுத்தான். அதிகாரி வயசில் சின்னவர், கைப்பேசியில் பாதிக் கண்.

"எந்த ரூம் சாவி? ஓ, பின்னாடி இருக்கே, அதுவா? அது எங்க சொத்துக் கணக்கிலயே இல்லம்மா. வாங்கினப்பவே கழிச்சு விட்டுட்டோம். நான் வந்தது உங்க செட்டில்மென்ட்டுக்கு. சரி, கொண்டாந்தீங்களா?"

அவள் சங்கிலியைக் கழற்றி வலது சாவியை மேசையில் வைத்தாள்.

"இடது சாவி... அது எங்கிட்டதான் இருந்துச்சுங்க. நான்தான்..."

"இல்ல மேடம், இங்க இருக்கு" என்று மேனேஜர் இழுப்பறையைத் திறந்தான். இடது சாவியை எடுத்து வலது சாவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இது எப்படி உங்கிட்ட?"

"அன்னைக்கு சார் குடுத்தாரே மேடம். நீங்க வண்டியைப் பார்க்க ஓடினீங்கல்ல, அப்ப. சரியாப் பேச முடியல, ஆனா விடல. கொக்கியிலேர்ந்து அவரே கழட்டி என் கையில வெச்சு அமுக்கினாரு. மேனேஜர் கையில குடுத்தாச்சு, சரியாப்போச்சுன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப எதுக்கு சார் இதெல்லாம்னேன். இது எங்கிட்ட இருந்தா அவ வண்டியில ஏற மாட்டா, நீ வெச்சுக்கோன்னாரு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் ஏறுவீங்கன்னு நெனைச்சேன். நீங்க என்னைப் போகச் சொன்னீங்க. பதட்டத்துல சாவி ஞாபகமே வரல மேடம். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழட்டும்போதுதான் பார்த்தேன். வண்டியில போகும்போதுகூட, காலை மடக்கி ஓரமா ஒதுங்கியே படுத்திருந்தாரு. நேரா நீட்டுங்க சார்னு அந்த ஆள் சொன்னான். கேக்கல."

வலி தாங்காமல் மடக்கினார் என்று நினைத்தாளே. அவள் உட்காருவதற்கு இடம் விட்டிருக்கிறார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினாள். அந்தக் கட்டடத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சோபாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனேடா! சாவி வண்டியிலயே இல்லையே! வண்டியிலயே இல்லையேடா!"

பையன் கண்கலங்கி நின்றான். அவன் மேல் என்ன தப்பு? கத்தி முடித்ததும் அவளுக்கே தெரிந்தது. சாவி பையில் இருந்திருந்தால் மட்டும் என்ன? காலி அறை. குப்பைச் சாவி. படியில் வைத்த காலைத் தானேதான் இறக்கினாள். யாரும் பிடித்து இறக்கவில்லை. கடற்கரையில் கேட்டபோதும் இறக்கினாள், படிக்கட்டில் கத்தியபோதும் இறக்கினாள். அந்த மனுஷர் மட்டும் கடைசி மூச்சிலும் அவள் ஏறுவதற்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் அவளுக்குப் பிடித்த விதிப்படியே.

அதிகாரி சங்கடத்தோடு எழுந்தார். "அம்மா, இது ரெண்டும் எங்களுக்கு வேண்டாம். பழைய இரும்புதான். நீங்களே ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க" என்று இரண்டு சாவியையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் இரண்டையும் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் இரண்டும் ஒரே கையில் இருப்பது அதுதான் முதல் தடவை. கைக்குள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாகச் சத்தம் வந்தது. வெளியே பிளாஸ்டிக் பலகைக்குக் கீழே மேனேஜர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"மேடம், வீட்ல விட்டுடறேன். ஏறுங்க."

அவள் கையில் இருந்த இரண்டு சாவிகளையும் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அவர் பிடித்து வைத்த வீட்டில் திரைச்சீலை வந்து கிடக்கும், தையல்காரர் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அன்னைக்கு ஏறியிருக்கணும் தம்பி" என்றாள். அழுதுகொண்டே ஏறி, ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.